துவாஸ் வேலை, புக்கிட் இண்டா வாடகை: கையில் எவ்வளவு நிற்கும்?

வாசகர் கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் சுங்கைப் பட்டாணி. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டு இங்கேயே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 2,600 ரிங்கிட். அப்பா அம்மாவோடு இருப்பதால் மாதம் 500 ரிங்கிட் மிச்சம் பிடிக்கிறேன். சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இதே வேலைக்கு 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். ஒரு வருட ஒப்பந்தம், அவருக்குக் கட்டணம் 3,000 வெள்ளி. "வேண்டுமானால் 3,600 வெள்ளி சம்பளம் காட்டி எஸ் பாஸ் எடுத்துத் தருகிறோம், மாதாமாதம் 1,200ஐ ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றும் சொன்னார். அவசரமாக ஆள் தேவையாம். முதலில் சும்மா சுற்றிப்பார்க்க வருவதுபோல வந்து வேலையைத் தொடங்கச் சொல்கிறார். ஒரு நண்பன் ஜொகூர் பாருவில் தங்கி தினமும் போய் வருகிறான், இன்னொருவன் அங்கேயே அறை எடுத்திருக்கிறான். எது சிக்கனம்? 2,400ஐ 3.2-ஆல் பெருக்கினால் 7,680 ரிங்கிட் வருகிறது. போகலாமா?

அன்புத் தம்பி,

வேலை உண்மையானதாக இருந்தால் போகலாம். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் 2,400 வெள்ளி மோசமான தொடக்கம் இல்லை. ஆனால் இந்த ஏஜெண்ட் வழியாக, இந்த முறையில் போகாதீர்கள். அவர் சொன்ன மூன்று விஷயங்களுமே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியவை. தங்குமிடக் கணக்குக்கு வருவதற்கு முன் அதைப் பேசிவிடுவோம்.

முதலில் "சுற்றிப்பார்க்க வருவதுபோல வா" என்பது. மலேசியருக்கு விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் போக முடியும். அப்படிப் போய் நேர்முகத் தேர்வில் உட்காரலாம், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம், பேசிவிட்டு வரலாம். ஆனால் வேலை அனுமதி இல்லாமல் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம்தான். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வேலை பார்க்கும் வாய்ப்பே மூடிப்போகும். "பாஸ் பிறகு வரும்" என்று சொல்கிறவருக்கு இதில் நட்டம் எதுவும் இல்லை. பிடிபடுவது நீங்கள்தான்.

அடுத்தது எஸ் பாஸ் விவகாரம். ஒர்க் பெர்மிட்டுக்கு ஒரு படி மேலே, நடுத்தரத் திறன் வேலைக்குக் கொடுக்கும் அனுமதி அது. இதில் பல பிள்ளைகள் விழுந்து நான் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி. 23 வயதுக்கு மேல் வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். அதனால்தான் உங்கள் 26 வயதுக்கு 3,600 என்று காட்டச் சொல்கிறார்கள். அந்த பாஸுக்கு முதலாளி அரசாங்கத்துக்கு மாதம் 650 வெள்ளி லெவி கட்ட வேண்டும். லெவி முழுக்க முழுக்க முதலாளி செலவு, தொழிலாளியிடமிருந்து ஒரு காசுகூட வாங்கக் கூடாது. நீங்கள் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கப்போகிற 1,200ஐ நினைத்துப் பாருங்கள். லெவியை உங்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு மேலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலை கொடுப்பதற்காக இப்படிப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் பொய்ச் சம்பளம் காட்டிய விண்ணப்பத்தில் தெரிந்தே உடந்தையாக இருந்தால் நீங்களும் விசாரணைக்குப் போக வேண்டிவரும். இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள்: வரித்துறை உங்கள் வருமானத்தை 3,600 என்றுதான் எடுத்துக்கொள்ளும். கையில் வராத பணத்துக்கும் வரி கட்டுவீர்கள்.

உங்களுக்கு எஸ் பாஸ் தேவையே இல்லை. சாதாரண ஒர்க் பெர்மிட் போதும். தொழிற்சாலை வேலைக்கு மலேசியர் ஒர்க் பெர்மிட்டில் தாராளமாகப் போகலாம், அதற்கு இவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உங்களுக்கு இல்லை. 2,400 என்றால் 2,400 என்றே எழுதி, நேர்மையாக வாங்கலாம். "பெர்மிட் என்றால் மட்டம், எஸ் பாஸ் என்றால் மதிப்பு" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்காக மாதம் 1,200 வெள்ளியை அழ வேண்டாம்.

மூன்றாவது, 3,000 வெள்ளி கட்டணம். சிங்கப்பூர் உரிமம் பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். உங்களுடையது ஒரு வருட ஒப்பந்தம், ஆக 2,400க்கு மேல் கேட்க முடியாது. முதலாளி ஆறு மாதத்துக்குள் உங்களை நிறுத்திவிட்டால் கட்டணத்தில் பாதியை ஏஜெண்ட் திருப்பித் தர வேண்டும். ஏஜெண்டின் பெயரும் உரிம எண்ணும் மனிதவள அமைச்சின் இணையத்தளப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சொல்லப்போனால், உங்கள் தகுதிக்கு ஏஜெண்டே இல்லாமல் வேலை தேடலாம். ஜாப்ஸ்ட்ரீட்டின் சிங்கப்பூர் பக்கத்தில் "பராமரிப்பு டெக்னீஷியன்" என்று தேடுங்கள். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசாங்க வேலைத்தளத்தையும் பாருங்கள். எந்த நிறுவனம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று அதில் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் வேலைக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொள்ளவாவது அது உதவும். பெரிய தொழிற்சாலைகள் சில ஜொகூர் பாருவிலேயே நேர்முகத் தேர்வு நடத்துகின்றன. மலேசியர் என்றால் பக்கத்திலிருந்து வருகிறவர், மொழி தெரிந்தவர் என்று விரும்பியே எடுப்பார்கள்.

வேலை உறுதியானால் உங்கள் கைக்கு வர வேண்டிய முதல் காகிதம், மனிதவள அமைச்சு கொடுக்கும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். எல்லாரும் ஐபிஏ என்று சொல்வார்கள். அது வருவதற்கு முன் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், இப்போதைய வேலையை விடாதீர்கள், அறைக்கு முன்பணமும் கட்டாதீர்கள். அந்தக் கடிதம் நிஜமானதுதானா என்று அமைச்சின் இணையத்தளத்தில் உங்கள் கடப்பிதழ் எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

கடிதம் வந்ததும் நேராக அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும் கட்டத்துக்குப் போங்கள். "2,400 வெள்ளி" என்று வாயால் சொல்லிவிட்டு, கடிதத்தில் அடிப்படை 1,400, அலவன்ஸ் 1,000 என்று பிரித்துப் போடும் வழக்கம் இருக்கிறது. மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஓவர்டைம் கணக்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் வருகிறது. மாத அடிப்படையை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் கிடைக்கும். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 2,400 என்றால் ஓவர்டைம் மணிக்கு 18.88 வெள்ளி. அடிப்படை 1,400 என்றால் 11.01 வெள்ளிதான். மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 315 வெள்ளி வித்தியாசம். ஒரு மாத அறை வாடகையில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டத்தில் போய்விடும். இதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கடிதத்தில் எழுதிய சம்பளத்தைப் பிறகு உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரத்தில் நீட்டுகிற எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். 7,680 ரிங்கிட் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். சிங்கப்பூரில் தங்கினால் நீங்கள் செலவழிப்பது வெள்ளியில். ஆகவே செலவை வெள்ளியில் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும்தான் ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

துவாஸுக்கு வேலைக்குப் போகிறவருக்கு பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கம் வசதி. வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டால் உங்கள் பங்கு ஏறக்குறைய 500 வெள்ளி என்று வையுங்கள். கொஞ்சம் கூடலாம், குறையலாம். உணவங்காடியிலும் தொழிற்சாலை கேண்டீனிலும் சாப்பிட்டு, முடிந்தபோது ஒரு வேளை சமைத்துக்கொண்டால் 420. பேருந்து, எம்ஆர்டி 90. கைப்பேசி 20. துணி, மருந்து, முடிவெட்டு, எப்போதாவது நண்பர்களோடு தேக்கா (லிட்டில் இந்தியா) என்று 120. மொத்தம் 1,150. மிச்சம் 1,250 வெள்ளி. நீங்கள் சொன்ன 3.2 மாற்று விகிதத்தில் அது 4,000 ரிங்கிட்.

ஜொகூர் பாருவில், துவாஸுக்குப் போகும் இரண்டாம் பாலத்துக்கு வசதியான புக்கிட் இண்டா பக்கம் தங்கினால் கணக்கு வேறு. சிங்கப்பூரில் மதியச் சாப்பாடு, தேநீர் என்று 150 வெள்ளி போகும். மிச்சம் 2,250, அதாவது 7,200 ரிங்கிட். ஜொகூரில் அறை 500, இரவுச் சாப்பாடும் வார இறுதியும் 450, மற்றவை 300 ரிங்கிட். கையில் நிற்பது 5,950. இரண்டுக்கும் வித்தியாசம் 1,950 ரிங்கிட். சின்னத் தொகை இல்லை. உங்கள் ஜொகூர் நண்பன் ஏன் அப்படி அலைகிறான் என்பது புரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கு தொழிற்சாலை பஸ் இருந்தால்தான் சரிவரும். துவாஸ் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு புக்கிட் இண்டா, ஸ்கூடாய் பக்கத்துத் தாமான்களிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் உண்டு. வாசலில் ஏறினால் தொழிற்சாலை வாசலில் இறங்கலாம், நடுவில் இரண்டு குடிநுழைவுச் சாவடி மட்டும். அப்படி ஒரு பஸ் உங்கள் ஷிப்டுக்கு ஓடுகிறது என்றால் யோசிக்காமல் ஜொகூரில் தங்குங்கள். நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் சம்பளத்துக்கு அடுத்தது இதுதான்: "என் ஷிப்டுக்கு ஜொகூரிலிருந்து பஸ் இருக்கிறதா, எங்கே நிற்கும், கட்டணம் பிடிப்பீர்களா?"

பஸ் இல்லை என்றால்? பொதுப் பேருந்தில் ஏறி, மலேசியச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி, சிங்கப்பூர்ச் சாவடியில் மறுபடி இறங்கி, அங்கிருந்து ஜூரோங் வந்து துவாஸுக்கு இன்னொரு வண்டி. காலை நெரிசலில் போக இரண்டு மணி நேரம் ஆவது சாதாரணம், வருவதற்கும் அதே. பூன் லேயிலிருந்து போவதைவிட நாளுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல் என்று வைத்தால், 22 வேலை நாளில் 55 மணி நேரம். பேருந்துச் செலவு 120 வெள்ளியைக் கழித்தால் ஜொகூரில் தங்குவதன் லாபம் மாதம் 490 வெள்ளியாகச் சுருங்கும். அந்த 490 வெள்ளியை உங்கள் ஓவர்டைம் விகிதத்தில் 26 மணி நேரத்தில் சம்பாதித்துவிடலாம். 26 மணி நேரச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க 55 மணி நேரத்தைச் சாலையில் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்டர் குறைந்த மாதத்தில் ஓவர்டைம் கிடைக்காது, உண்மைதான். அந்த மாதத்தில் தூக்கமாவது மிஞ்சும். 12 மணி நேர ஷிப்டில் மின்பலகையைத் திறந்து வேலை பார்க்கிறவருக்குத் தூக்கம் பாதுகாப்புக் கருவி.

மோட்டாரில் போகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து, கண் சொருகிக்கொண்டே பாலத்தைத் தாண்டி வரும் பிள்ளைகள் விபத்தில் போன செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு போகவே கூடாது.

"ஆர்டிஎஸ் ரயில் வருகிறதே" என்று கேட்பீர்கள். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், 2026 முடிவில் தொடங்குவதாகத் திட்டம். உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் வேலை என்றால் அது பெரிய உதவி. துவாஸோ சிங்கப்பூரின் மறுகோடியில் இருக்கிறது. உங்களுக்கு அதனால் அவ்வளவாகப் பயன் இல்லை.

அறை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. "மாதா மாதம் இரு, காகிதம் எதுவும் வேண்டாம்" என்பவர் அநேகமாக அனுமதி வாங்காமல் விடுகிறார். சோதனைக்கு ஆள் வந்தால் இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்க வேண்டிவரும். வாடகை ஒப்பந்தமும், வீவகவிடம் உங்கள் பெயரைப் பதிந்த அத்தாட்சியும் கேளுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். சமைக்கலாமா, துணி துவைக்கலாமா, எத்தனை பேர் அந்த வீட்டில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சமைக்க விடாத வீட்டில் வாடகை 50 வெள்ளி குறைந்தாலும் சாப்பாட்டில் அதைவிட அதிகம் போய்விடும்.

முதல் மாதத்துக்குக் கையில் பணம் வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஓவர்டைம் பணத்துக்கு 14 நாள். ஆக, சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வாரத்துக்கு மேல் சொந்தக் காசில் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு மாத வாடகை, ஒரு மாத முன்பணம், சாப்பாடு, போக்குவரத்து என்று 1,700 வெள்ளியாவது, அதாவது 5,400 ரிங்கிட்டுக்கு மேல், தயாராக இருக்கட்டும். மாதம் 500 மிச்சம் பிடித்தவர் நீங்கள், அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் முதல் இரண்டு மாதம் ஜொகூர் நண்பனோடு இருந்துவிட்டு, பிறகு அறைக்கு மாறுங்கள். வட்டிக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று: ஈபிஎஃப், அதாவது மலேசிய ஊழியர் சேம நிதி. இன்று உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு நீங்கள், 13 விழுக்காடு முதலாளி என்று மாதம் 620 ரிங்கிட் போல உங்கள் பெயரில் சேர்கிறது. ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு சிங்கப்பூரில் மத்திய சேம நிதி கிடையாது. அதனால் அந்த 620ஐ நீங்களே உங்கள் ஈபிஎஃப் கணக்கில் சுயவிருப்பப் பங்களிப்பாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். வங்கிச் செயலியிலேயே செய்யலாம். அதையும் கழித்தால், சிங்கப்பூரில் தங்கி, ஓவர்டைம் இல்லாமலேயே மாதம் 3,300 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். 7,680 இல்லைதான். இன்றைய 500-க்கு எவ்வளவோ மேல்.

வரி பெரிய பாரம் இல்லை. 183 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் வரிக்கு உள்நாட்டுவாசி. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு. ஆண்டுக்கு 28,800 வெள்ளி சம்பளத்துக்கு, வருமானக் கழிவு 1,000 போக, 156 வெள்ளிதான். ஆனால் மூன்று நான்கு மாதத்திலேயே விட்டுவிட்டு வந்தால் 15 விழுக்காடு கணக்காகும். வேலையை விடும்போது வரிக்கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்திவைப்பார். அது ஏமாற்று இல்லை, நடைமுறை. அதற்கும் கையிருப்பு வேண்டும்.

மருத்துவத்துக்கு, பெர்மிட் தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புறுதி முதலாளி எடுத்தாக வேண்டும். ஆனால் அது மருத்துவமனையில் சேர்க்கும் சிகிச்சைக்கு. காய்ச்சல் தலைவலிக்கு கிளினிக் செலவை நிறுவனம் எப்படிக் கொடுக்கும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல் வைத்தியத்தை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓய்வு நாளில் சாப்பாடு டெலிவரி ஓட்டலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பெர்மிட் ஒரு முதலாளிக்கு, ஒரு வேலைக்குத்தான். வேறு எந்த வேலை செய்தாலும் பெர்மிட் போய்விடும். நண்பனின் கணக்கில் ஓட்டினாலும் அதே கதைதான். சம்பளத்தில் தகராறு வந்தால் பயந்துகொண்டு சும்மா இருக்காதீர்கள். டாடெம் என்ற முத்தரப்பு அமைப்பில் புகார் செய்யலாம். வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். சம்பளச் சீட்டுகளையும், வேலை செய்த நேரத்தைக் குறித்த ஒரு சின்ன நோட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். ஓவர்டைம் வழக்குகளில் அந்த நோட்டுக்கு நல்ல மதிப்பு உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஏஜெண்டிடம் நிறுவனத்தின் பெயரையும் தன் உரிம எண்ணையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் இரண்டையும் சரிபாருங்கள். அனுப்பாவிட்டால் விட்டுவிட்டு, ஜாப்ஸ்ட்ரீட்டில் நேரடியாக விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். ஐபிஏ கைக்கு வந்தபின், ராஜினாமா கொடுப்பதற்கு முன், அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும் எவ்வளவு, ஷிப்ட் எத்தனை மணிக்கு, பஸ் உண்டா என்பதை எனக்கு எழுதுங்கள். தங்குமிடக் கணக்கை அந்த எண்களை வைத்து மறுபடி போட்டுத் தருகிறேன்.